ரஷ் இசைக்குழு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவின் ரஷ் குழுவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அதே இருபது கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. இப்போதுதான் கேட்க ஆரம்பித்தவர்கள் ஒரு பக்கம், முப்பது வருடமாகக் கேட்டும் எண்பதுகளின் ஆல்பங்களோடு இன்னும் சமாதானம் ஆகாதவர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் போட்டுவைக்கலாமே என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ரஷ்ஷா? பேரே கேட்டதில்லையே. யார் இவங்க, எந்த ஊர்?

கனடா. டொராண்டோவின் வடக்குப் பக்கம் வில்லோடேல் என்கிற பகுதி. 1968 ஆகஸ்டில் கிட்டார் வாசித்த அலெக்ஸ் லைஃப்சன், டிரம்ஸ் வாசித்த ஜான் ரட்ஸி என்ற பையன்கள் ஆரம்பித்த ராக் குழு. ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் இளைஞர்கள் கூடும் காபிக் கூடத்தில் முதல் கச்சேரிகள் நடந்தன, கிடைத்த சம்பளம் 10 டாலர். முதலில் பேஸ் கிட்டார் வாசித்துப் பாடியவர் அடுத்த தடவை வர முடியாமல் போக, அலெக்ஸ் தன் பள்ளித் தோழன் கெடி லீயைக் கூப்பிட்டார். வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். 'ரஷ்' என்ற பெயர் ரட்ஸியின் சகோதரர் சொன்னது.

இருவரும் குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். அலெக்ஸின் பெற்றோர் செர்பியர்கள். ஷிவோயினோவிச் என்ற குடும்பப் பெயரின் பொருளை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதுதான் லைஃப்சன், 'உயிரின் மகன்' என்கிற மாதிரி. கெடியின் பெற்றோர் போலந்து யூதர்கள், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுப் பிழைத்து வந்தவர்கள். அவருடைய நிஜப் பெயர் கேரி. அம்மா கூப்பிடும்போது அது 'கெடி' என்று காதில் விழ, கூட விளையாடிய பையன்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். இந்தக் குடும்பக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அரசியல் பற்றிய கேள்வியில் வேண்டியிருக்கும்.

டிரம்மர் பேரை எப்படிச் சொல்றது? பெர்ட்டா, பியர்ட்டா?

நீல் பியர்ட். 'பெர்ட்' என்று ரேடியோக்காரர்களே சொல்லிக் கேட்டிருப்பீர்கள், ஆனால் அவர் குடும்பத்தில் சொல்வது பியர்ட்தான்.

முதல் ஆல்பத்துல அவர் வாசிக்கவே இல்லையாமே?

ஆமாம், அதில் ஜான் ரட்ஸி. 1971இல் ஒண்டாரியோ மாகாணத்தில் மது அருந்தும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தார்கள், அதனால் பள்ளி விழாக்களில் வாசித்துக்கொண்டிருந்த இந்தப் பையன்களுக்கு பார்களின் கதவு திறந்தது. அங்கே ராத்திரி ராத்திரியாக வாசித்துத் தேறினார்கள். ஆனாலும் எந்த ரெக்கார்டு கம்பெனியும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஒரு பெயரைப் போட்டு 1974இல் முதல் ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள்.

அதில் ஒரு பிரதி எல்லை தாண்டி அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குப் போனது. அங்கே ஒரு வானொலி நிலையத்தில் வேலை பார்த்த டோனா ஹால்பர், ஏழு நிமிடம் ஓடும் 'ஒர்க்கிங் மேன்' பாட்டை ஒலிபரப்பக் கொடுத்தார். காலையில் எழுந்து வேலைக்குப் போய் வந்து வாழ நேரமில்லையே என்று புழுங்கும் ஒருவனின் பாட்டு அது, கிளீவ்லாந்தோ இரும்பும் தொழிற்சாலையுமான ஊர். பாடுவது பிரிட்டனின் பெரிய ராக் குழுவான லெட் செப்பலின் என்று நினைத்து, அவர்களின் புது ரெக்கார்டு எப்போது கடைக்கு வரும் என்று கேட்டு நிலையத்துக்குப் போன் மேல் போன். அந்த வரவேற்பைப் பார்த்துத்தான் மெர்க்குரி கம்பெனி ஒப்பந்தம் போட்டது.

சரி, அமெரிக்கா முழுக்கச் சுற்ற வேண்டிய நேரம் வந்தபோது ரட்ஸிக்கு முடியவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய், மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைவதிலும் விருப்பமில்லை. 1974 ஜூலையில் விலகினார். ஆள் தேடியபோது வந்தவர்தான் பியர்ட், செயின்ட் கேத்தரின்ஸ் ஊரில் அப்பாவின் விவசாய இயந்திரக் கடையில் உதிரி பாகம் விற்றுக்கொண்டிருந்தவர். டிரம்ஸைக் குப்பைத்தொட்டிகளுக்குள் போட்டுக் காரில் கொண்டுவந்து இறங்கினார். ஜூலை 29 அன்று குழுவில் சேர்ந்தார், ஆகஸ்ட் 14 அன்று பிட்ஸ்பர்க்கில் 11,000 பேருக்கு முன்னால் முதல் கச்சேரி. ஒத்திகைக்குக் கிடைத்தது இரண்டே வாரம்.

மேடையில மூணே பேர்தான் நிக்கிறாங்க. இவ்வளவு சத்தம் எங்கேருந்து வருது? ரெக்கார்டு போட்டு ஏமாத்துறாங்களா?

இல்லை. கச்சேரிப் பதிவு ஏதாவது ஒன்றை எடுத்து கெடியை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். இரண்டு கையும் பேஸ் கிட்டாரில், வாய் மைக்கில். அவர் காலடியில் பெரிய ஆர்மோனியக் கட்டைகளை வரிசையாகப் பதித்த மாதிரி ஒரு பெட்டி இருக்கும். அதுதான் மூக் டாரஸ் பெடல். காலால் அழுத்தினால் வயிற்றைக் கலக்குகிற அடி ஸ்வரம் கிளம்பும். பேஸ் வாசிப்பில் கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் கை பக்கத்துக் கீபோர்டுக்குப் போய்விடும், அந்த நேரத்தில் பேஸ் வேலையைக் கால் பார்த்துக்கொள்ளும். அலெக்ஸின் காலடியிலும் பெடல்கள் உண்டு.

பிற்காலத்தில் ஸ்டுடியோவில் பதிந்த சில ஒலிகளை, தட்டினால் திரும்ப ஒலிக்கும் சாம்ப்ளர் என்ற கருவியில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஒலியையும் மேடையில் இருக்கும் மூவரில் ஒருவர் கையாலோ காலாலோ அந்தந்த இடத்தில் தட்டித்தான் கொண்டுவர வேண்டும், தானாக ஓடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். நாலாவதாக ஒரு ஆளை நிறுத்தியிருந்தால் எவ்வளவோ சுலபம். மூன்று பேர் என்பதை ஒரு விரதம் மாதிரி காத்தார்கள். எனக்கு இந்தக் குழுமேல் முதல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

பாட்டு வரியெல்லாம் டிரம்மர் எழுதறதா சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. மற்ற இருவருக்கும் வரி எழுதுவதில் ஆர்வம் இல்லை, புதிதாக வந்தவரோ எப்போது பார்த்தாலும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தார், நீயே எழுது என்று கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஆல்பமான 1975ஆம் வருட 'ஃப்ளை பை நைட்' தொடங்கி அதுதான் ஏற்பாடு: இசை கெடியும் அலெக்ஸும், சொல் பியர்ட். விதிவிலக்குகள் உண்டு. புகழ்பெற்ற 'டாம் சாயர்' பாட்டின் வரிகள் பை டுபுவா என்ற கவிஞரோடு சேர்ந்து எழுதியவை.

குரல் ஏன் இப்படிக் கீச்சுனு இருக்கு? கேக்கவே முடியலையே.

எழுபதுகளின் ரெக்கார்டுகளைக் கேட்டிருப்பீர்கள். ஆண் குரலில் அவ்வளவு உச்சிக்குப் போய்க் கத்திப் பாடுவது கனத்த கிட்டார் சத்தத்தை நம்பிய அந்தக் காலத்து ஹார்ட் ராக்கின் ஒரு பழக்கம், கெடி அதில் இன்னும் ஒரு படி மேலே. விமர்சகர்கள் விதவிதமாகத் திட்டியிருக்கிறார்கள். 1980க்கு மேல் அவரே ஸ்தாயியைக் கீழே இறக்கிவிட்டார். 'மூவிங் பிக்சர்ஸ்' அல்லது 'சிக்னல்ஸ்' போட்டுப் பாருங்கள், அதில் பிடித்துப்போனால் பழையதற்குத் தானாகத் திரும்பி வருவீர்கள்.

அந்த 2112 ஆல்பத்தை ஏன் இப்படித் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடறாங்க?

அது வராமல் இருந்திருந்தால் குழுவே இருந்திருக்காது, அதனால். 1975 செப்டம்பரில் வந்த 'கேரெஸ் ஆஃப் ஸ்டீல்' விற்கவில்லை. அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. கச்சேரிகளுக்குக் கூட்டம் குறைந்துகொண்டே போனது, அந்தப் பயணத்துக்கு அவர்களே 'குழாய்க்குள் போன டூர்' என்கிற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், நம் ஊரில் ஊத்திக்கொண்டது என்போமே அது. சின்னப் பாட்டாகப் போடுங்கள், முதல் ஆல்பம் மாதிரி செய்யுங்கள், ரேடியோவில் வருகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று கம்பெனியிலிருந்து நெருக்கடி.

அவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். எப்படியும் தோற்கப் போகிறோம், நமக்குப் பிடித்ததைச் செய்துவிட்டே போவோம், பிறகு அவரவர் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்று முடிவெடுத்தார்கள். பியர்ட்டுக்கு டிராக்டர் உதிரி பாகம் காத்திருந்தது. 1976இல் வந்த 2112இன் முதல் பக்கம் மறுபடியும் ஒரே பாட்டு, 20 நிமிடத்துக்கு மேல், ஏழு பகுதிகள். பாடும் பாட்டு வரை எல்லாமே ஆள்பவர்களின் பிடியில் இருக்கும் எதிர்காலத்தில் ஒருவன் பழைய கிட்டார் ஒன்றைக் கண்டெடுக்கிறான், ஆளும் பூசாரிகளிடம் மகிழ்ச்சியோடு கொண்டுபோய்க் காட்டுகிறான், அவர்கள் அதை நொறுக்கிப் போடுகிறார்கள். அருவிச் சத்தத்துக்கு நடுவே அவன் முதல் முதலாகக் கம்பிகளைத் தொடும் இடத்தில் அலெக்ஸ் சுருதி சேர்க்கத் தெரியாதவன்போல ஒவ்வொரு கம்பியாக மீட்டி, திருகி, மெல்ல மெல்ல ஒரு மெட்டுக்கு வந்து சேர்வார். அந்த ஒரு நிமிடத்தை ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்கப்புறம் இப்படிச் செய்யுங்கள், அப்படிச் செய்யுங்கள் என்று எந்தக் கம்பெனியும் அவர்களிடம் வரவில்லை.

எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கிறது?

1981 பிப்ரவரியில் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்'. கியூபெக்கில் மோரின் ஹைட்ஸ் என்ற இடத்தில் ஏரிக்கரை ஸ்டுடியோவில் பதிவானது. ஏழே பாட்டு, நாற்பது நிமிடம். நீளப் பாட்டுகளில் கற்றதையெல்லாம் நாலைந்து நிமிடத்துக்குள் அடக்கக் கற்றுக்கொண்ட நேரம் அது. அட்டைப்படம் ஒண்டாரியோ சட்டமன்றக் கட்டடத்தின் வாசலில் எடுத்தது: ஆட்கள் ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதைப் பார்த்து நிற்பவர்கள் மனம் உருகி அழுகிறார்கள், பின்னட்டையில் பார்த்தால் மொத்தத்தையும் ஒரு சினிமாக் கோஷ்டி படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆல்பத்தின் தலைப்பை மூன்று விதமாகப் படிக்கலாம், மூன்றும் அந்தப் படத்தில் உண்டு.

அதில் சொல் இல்லாத பாட்டு ஒன்று இருக்கிறது, 'ஒய் ஒய் ஸெட்'. டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு அது. டொராண்டோவுக்குப் பறந்து வந்த எந்தத் தமிழரின் பெட்டியில் ஒட்டிய சீட்டிலும் அந்த மூன்று எழுத்து இருக்கும். விமானத்துக்கு வழிகாட்ட அந்த எழுத்துகள் மோர்ஸ் தந்திக் குறியீடாக ஒலித்துக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு அப்படியே தாளமாக்கினார்கள். கோடு இரண்டு மாத்திரை, புள்ளி ஒன்று என்று வைத்து எண்ணிப் பாருங்கள்: ஒய் என்பது கோடு, புள்ளி, கோடு, கோடு, ஆக ஏழு. இன்னொரு ஒய், இன்னொரு ஏழு. ஸெட் கோடு, கோடு, புள்ளி, புள்ளி, ஆறு. கூட்டினால் இருபது, நாலு ஐந்து. மிருதங்கம் கற்றவர்கள் கையில் தட்டிப் பார்த்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கனடா ரேடியோல உள்ளூர்ப் பாட்டு போட்டே ஆகணும்னு சட்டம் இருக்காமே. அதனாலதான் வளர்ந்தாங்களா?

சட்டம் இருக்கிறது. 1971 முதல் ஏ.எம். நிலையங்கள் 30 சதவீதம் கனடியப் பாட்டுப் போட வேண்டும் என்று வந்தது, பல கனடியக் கலைஞர்களுக்கு அது பெரிய கைதூக்கல். ஆனால் ரஷ்ஷை முதலில் தூக்கிவிட்டது கிளீவ்லாந்து என்பதை மேலே சொல்லிவிட்டேன். உள்ளூர் ரேடியோவோடு அவர்களுக்கு இருந்த பாசம் வேறு வகை. 1980இல் வந்த 'ஸ்பிரிட் ஆஃப் ரேடியோ' பாட்டின் தலைப்பே டொராண்டோவின் சி.எஃப்.என்.ஒய். என்ற நிலையத்தின் விளம்பர வாசகம்.

இது ஹார்ட் ராக்கா, ப்ராக்ரஸிவ் ராக்கா? ஒரு முடிவு சொல்லுங்க.

ஹார்ட் ராக்கில் பிறந்து, நீளமும் சிக்கலுமான பாட்டுகள் கொண்ட ப்ராக்ரஸிவ் ராக்கைப் படித்தவர்கள். முதல் ஆல்பம் சுத்த ஹார்ட் ராக், 1977, 78இன் ஆல்பங்கள் எதிர்ப்பக்கம், கடைசி ஆல்பத்தில் இரண்டும் கலந்து பழைய கனத்தோடு வந்து நின்றார்கள். இதில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எண்பதுகள்ல ஏன் கீபோர்டுக்குப் போய்க் கெடுத்துக்கிட்டாங்க?

கெடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் கிட்டார் பின்னுக்குப் போனது நிஜம். 1982இல் 'சிக்னல்ஸ்' வந்தபோது மின்னணுக் கீபோர்டான சிந்தசைசர் முன்னால் வந்துவிட்டது. அதோடு, ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்த தயாரிப்பாளர் டெர்ரி பிரவுனை விட்டுப் பிரிந்தார்கள். பிற்பாடு வந்த 'பவர் விண்டோஸ்', 'ஹோல்ட் யுவர் ஃபயர்' ஆல்பங்களில் தன் கிட்டாருக்கு இடம் தேட வேண்டியிருந்ததாக அலெக்ஸே பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். அந்த வருத்தம் குழுவை உடைக்கவில்லை. பேசித் தீர்த்துக்கொண்டார்கள், கீபோர்டு ஒவ்வொரு ஆல்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, 1993இல் 'கவுண்டர்பார்ட்ஸ்' வந்தபோது கிட்டார் மறுபடி நடுவீட்டில் உட்கார்ந்தது. அந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்குப் போனது.

எண்பதுகளை மொத்தமாகத் தள்ளுபவர்கள் 'சப்டிவிஷன்ஸ்' பாட்டை இழக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ஒரே மாதிரி வீடுகள் வரிசை கட்டிய புறநகரில், கூட்டத்தோடு ஒட்ட முடியாத பள்ளிப் பிள்ளையின் தனிமையைப் பற்றிய பாட்டு. வில்லோடேலில் வளர்ந்தவர்களின் குழு வாசித்த பாட்டு அது, கிட்டார் குறைந்ததால் அதன் வலி குறையவில்லை.

ஒரு பெரிய ஹிட் கூட இல்லாம எப்படி நாற்பது வருஷம் ஓட்டினாங்க?

அமெரிக்காவின் முதல் நாற்பது பாட்டுகளுக்குள் அவர்கள் ஒரே ஒரு முறைதான் நுழைந்தார்கள், 1982இல் 'நியூ வேர்ல்ட் மேன்', 21ஆம் இடம். அத்தோடு சரி. ஆனால் ஆல்பங்கள் விற்றுக்கொண்டே இருந்தன, 'மூவிங் பிக்சர்ஸ்' அமெரிக்காவில் 40 லட்சத்தைத் தாண்டியது. அதைவிட முக்கியம், ஊர் ஊராகப் போனார்கள். ஆரம்பத்தில் கிஸ் போன்ற குழுக்களுக்கு முன்னால் அரை மணி நேரம் வாசித்து, அப்புறம் தனியாக, வருடா வருடம் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்ப. ஹிட் பாட்டுக்காக வந்தவர் அடுத்த ஹிட்டைத் தேடிப் போய்விடுவார். கச்சேரியில் பார்த்துப் பிடித்துப்போனவர் தன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவார், ரஷ் கச்சேரிகளில் அதுதான் நடந்தது.

2002 நவம்பரில் ரியோ டி ஜனேரோவில் மரக்கானா மைதானத்தில் சுமார் 40,000 பேர். வாயில்லாத 'ஒய் ஒய் ஸெட்' பாட்டுக்கு, அதில் பாட ஒரு சொல்லும் கிடையாது, அத்தனை பேரும் குதித்துக்கொண்டே கிட்டார் மெட்டை வாயால் பாடுவதை அந்தப் பதிவில் பார்க்கலாம்.

மேடையில வாஷிங் மெஷின், கோழி அடுப்பெல்லாம் பார்த்தேன். அது என்ன?

துணி உலர்த்தும் மெஷின். கெடி ஒரு கட்டத்தில் மேடை ஆம்ப்ளிஃபயர்களை விட்டுவிட்டு பேஸ் ஒலியை நேரடியாக அரங்க ஒலியமைப்புக்கு அனுப்ப ஆரம்பித்தார். அலெக்ஸ் பக்கம் ஆம்ப்ளிஃபயர்கள் சுவர்போல அடுக்கியிருக்க, இவர் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே முதலில் ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது, 2002 பயணத்தில் காசு போட்டால் ஓடும் உலர்த்திகள் மூன்று. நிகழ்ச்சி நடக்கும்போதே உதவியாளர் வந்து காசு போட்டுவிட்டுப் போவார், உள்ளே சுற்றிய டிஷர்ட்டுகளைக் கடைசியில் கூட்டத்துக்கு எறிவார்கள். 2007 பயணத்தில் கோழி சுடும் அடுப்பு, நடுநடுவே வந்து நெய் தடவிவிட்டுப் போக ஒரு சமையல்காரர். ஏழு மாத்திரை, ஐந்து மாத்திரை என்று வாசிப்பவர்கள் முகம் இறுகி இருப்பார்கள் என்று நினைத்து வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

இவங்க வலதுசாரிங்க, ஃபாசிஸ்டுங்கனு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

2112இன் உறையில் எழுத்தாளர் அயன் ராண்டுக்கு நன்றி சொல்லியிருந்தார் பியர்ட். தனிமனித சுதந்திரமே எல்லாவற்றுக்கும் மேல் என்று எழுதியவர் அவர், இருபத்து மூன்று வயதில் பியர்ட்டுக்கு அது பெரிய பிடிப்பாக இருந்தது. 1978இல் என்.எம்.இ. என்ற பிரிட்டிஷ் இசை வார இதழ் ஒரு பேட்டியை வெளியிட்டு, இவர்களை நாஜிகளோடு ஒப்பிடும் அளவுக்குப் போனது. மேலே முதல் பதிலில் கெடியின் பெற்றோர் யார் என்று சொன்னேனே, அவர் வீட்டில் அந்தச் சொல் எப்படிப் போய் விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1984இல் வந்த 'ரெட் செக்டர் ஏ' பாட்டின் வேர் கெடியின் அம்மா சொன்ன கதை. 1945இல், அம்மா கடைசியாக இருந்த பெர்கன் பெல்சன் முகாமை பிரிட்டிஷ் படை விடுவித்தபோது, உள்ளே இருந்தவர்களால் வெளியே ஒரு உலகம் மிச்சம் இருக்கிறது என்பதையே நம்ப முடியவில்லையாம். மனிதர்கள் என்று மீந்திருப்பது நாம் மட்டும்தான் என்று நினைத்தாராம் அம்மா. அதைக் கேட்டு பியர்ட் எழுதினார், ஊர் பெயர் ஒன்றும் போடாமல், எந்த முகாமுக்கும் பொருந்துகிற மாதிரி. அம்மாவின் மகன் அதைப் பாடினார். பியர்ட்டும் வயதாக வயதாக ராண்டை விட்டு விலகி வந்துவிட்டார், இல்லாதவர்கள்மேல் இரக்கம் உள்ள சுதந்திரவாதி என்ற பொருள்படத் தன்னைச் சொல்லிக்கொண்டார். ஒரு நன்றிக் குறிப்பை வைத்து நாற்பது வருட வரிகளை எடைபோடுவது நியாயமில்லை.

பியர்ட் அவ்வளவு பெரிய டிரம்மரா? சும்மா கணக்குப் போட்டு வாசிக்கிறவர்னு சொல்றாங்க.

அவருக்கே அந்தச் சந்தேகம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய நேரத்தில், வயது நாற்பதைத் தாண்டிய பிறகு, ஃப்ரெட்டி க்ரூபர் என்ற ஜாஸ் ஆசிரியரிடம் போய் மாணவனாக உட்கார்ந்தார். குச்சியைப் பிடிப்பதிலிருந்து ஆரம்பித்தார். உட்காரும் உயரம், கை கீழே இறங்கி மேலே வரும் வட்டம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார். 1996இன் 'டெஸ்ட் ஃபார் எக்கோ' அப்படிக் கற்றபின் வந்தது. அடுத்தடுத்துக் கேட்டால் கை தளர்ந்து தாளம் மூச்சுவிடுவது தெரியும்.

ரசிகர்களைப் பார்த்தா ஓடி ஒளிவாராமே, திமிர் பிடிச்சவரா?

கூச்சம். முன்பின் தெரியாதவரை நெடுநாள் நண்பர்போல நடத்துவது அவருக்கு வரவில்லை. 'லைம்லைட்' பாட்டே அதைப் பற்றித்தான். கச்சேரி முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் ஏறி, உள்ளூர்ச் சாலைகள் வழியாக அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வதை மற்ற இருவர் பார்த்துக்கொண்டார்கள்.

1997க்கும் 2002க்கும் நடுவுல ஏன் ஒண்ணுமே இல்ல?

1997 ஆகஸ்டில் பியர்ட்டின் ஒரே மகள் செலினா கார் விபத்தில் இறந்தார், வயது 19. பத்தே மாதத்தில், 1998 ஜூனில், மனைவி ஜாக்கி புற்றுநோயில் போனார். என்னை ஓய்வு பெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆர்க்டிக் பக்கம், மெக்சிகோ, பெலீஸ் என்று சுமார் 88,000 கிலோமீட்டர். கெடியும் அலெக்ஸும் வேறு ஆளைத் தேடவில்லை, எப்போது வருவாய் என்று கேட்கவும் இல்லை. குழு அப்படியே நின்றது. அவர் மெல்லத் தேறி, மறுமணம் செய்து, தானாகத்தான் திரும்பி வந்தார்.

அப்படித் திரும்பி வந்து 2002இல் வெளியிட்ட 'வேப்பர் டிரெய்ல்ஸ்' ஆல்பத்தைச் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதன் ஒலி கரகரவென்று உடைகிறது என்பவர்கள் சொல்வது சரி, அளவுக்கு மீறிச் சத்தத்தை ஏற்றிவிட்டார்கள். 2013இல் மறுகலவை செய்து வெளியிட்டார்கள், புதிதாகக் கேட்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டு டிரம்ஸ் தனியாகத் தொடங்குவதன் காரணம் இப்போது உங்களுக்குப் புரியும்.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல ஏன் இவ்வளவு லேட்டா சேர்த்தாங்க?

விமர்சகர்களுக்கு அவர்களைக் கடைசி வரை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கனடா அவர்களை முன்பே கொண்டாடிவிட்டது, 1996இலேயே ஆர்டர் ஆஃப் கனடா விருது அறிவித்தார்கள். அமெரிக்காவில் ராக் கலைஞர்களுக்குப் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேம் 2013 ஏப்ரலில்தான் வந்தது. அலெக்ஸ் மேடையேறி இரண்டு நிமிடத்துக்கும் மேல் 'ப்ளா ப்ளா' என்ற ஒரே ஒலியை வைத்து, கையும் முகமும் காட்டி, குழுவின் முழுக் கதையையும் நடித்துக் காட்டிவிட்டு இறங்கினார். தேடிப் பாருங்கள்.

2015ல நல்லாத்தானே வாசிச்சாங்க, ஏன் நிறுத்தினாங்க?

நல்லபடியாக வாசிக்கும்போதே நிறுத்த வேண்டும் என்று பியர்ட் நினைத்தார். மூன்று மணி நேரம் அந்த வேகத்தில் வாசிக்க 62 வயது உடம்பு ஒத்துழைக்கவில்லை, வீட்டில் சின்ன மகள் இருந்தாள். அலெக்ஸுக்கும் மூட்டுவாதம். கடைசிப் பயணத்தில் பாட்டுகளைப் பின்னோக்கி வாசித்தார்கள்: புதிய ஆல்பத்தில் தொடங்கி ஒவ்வொரு காலமாகப் பின்னே போக, மேடை உதவியாளர்கள் வாசிப்பின் நடுவிலேயே அரங்கப் பொருட்களைக் கழற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் ஒரு பள்ளிக்கூட அரங்கு, நாற்காலிமேல் வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயர், 'ஒர்க்கிங் மேன்'.

2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம். அன்று முடிந்ததும் பியர்ட் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து முன்னால் நடந்து வந்து இருவரையும் தோளோடு அணைத்துக்கொண்டார். அத்தனை வருடத்தில் அவர் அப்படி முன்வரிசைக்கு வந்ததில்லை. ஒரு வருடம் கழித்து மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்றரை வருடம் அந்தச் செய்தியை நண்பர் வட்டம் வெளியே விடாமல் காத்தது. 2020 ஜனவரி 7 அன்று இறந்தார், உலகத்துக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

இப்ப வேற டிரம்மரை வெச்சு ரஷ்னு பேர் போட்டு வர்றாங்களே, இது சரியா?

இதுதான் இப்போது அதிகம் வரும் கேள்வி. 2025 அக்டோபரில் கெடியும் அலெக்ஸும், 2026 ஜூனில் கச்சேரிப் பயணம் தொடங்கும் என்று அறிவித்தார்கள். டிரம்ஸுக்கு அனிக்கா நில்லெஸ் என்ற ஜெர்மானியப் பெண், 2022இல் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கோடு பயணம் போனவர். பியர்ட்டின் மனைவியும் மகளும் மனமார ஆதரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பியர்ட் இல்லாமல் ரஷ் இல்லை என்று சொல்பவர்களின் மனது எனக்குப் புரிகிறது, ஆறு வருடம் நானும் அதையே சொன்னேன். ஆனால் துக்கத்தில் அவர் போனபோது அவருடைய இடத்தை ஐந்து வருடம் வெறுமையாக வைத்துக் காத்தவர்கள் இந்த இருவர்தான், அவர் இறந்த பிறகும் அவசரப்பட்டு யாரையும் உட்காரவைக்கவில்லை. பெயரை எப்போது எடுக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? 1974இல் இரண்டு வார ஒத்திகையோடு முன்பின் தெரியாத ஒருவரை நம்பி மேடையேறியவர்களும் இவர்களேதான். முதல் கச்சேரிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அதே லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம்.